நாள் முழுவதும் பேச்சு: பிபிசி ரேடியோ 4-இன் ஒரு நாள் வரிசை பற்றி

நெட்டலை எழுதியது:

கணுக்கால் சுளுக்கிப் படுக்கையில் கிடந்த ஒரு வார நாளில், விடியும் முன்பிருந்து நள்ளிரவு ஒரு மணி வரை, பிரிட்டனின் பேச்சு வானொலி நிலையமான பிபிசி ரேடியோ 4-ஐ அணைக்காமல் கேட்டேன். இருபது ஆண்டுகளாக அந்நிலையத்தைக் கேட்டு வருபவன்தான் என்றாலும், அதுவரை நான் கேட்டவை எல்லாம் துண்டுகளே: காலைச் செய்தியில் அரை மணி நேரம், இரவில் நாவல் வாசிப்பில் கால் மணி நேரம். முழு நாளும் ஒரே பொருளாகக் காதில் விழுந்தது அன்றுதான். அதைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

நாள் கடலில் தொடங்கிக் கடலிலேயே முடிகிறது. விடியும் முன் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வருகிறது. சற்று நேரத்தில், 5:45 மணிக்கு, உழவர்களுக்கான ‘ஃபார்மிங் டுடே’. ஆறு மணிக்கு, 1957-இல் தொடங்கிய ‘டுடே’ செய்தி நிகழ்ச்சி மூன்று மணி நேரம் ஓடுகிறது. அமைச்சர் ஒருவர் கேள்விகளிலிருந்து நழுவ முயன்றுகொண்டிருக்கும் அதே மணி நேரத்தில், 7:45 அளவில், சமயச் சிந்தனையாளர் ஒருவர் மூன்று நிமிடத்துக்கும் குறைவான உரை ஒன்றை நிகழ்த்துகிறார். அந்த உரை முடிந்ததும் மீண்டும் அரசியல். ஒன்பது மணிக்கு விவாதம் அல்லது நேர்காணல், பத்து மணிக்குப் பெண்களுக்கான ‘உமன்ஸ் அவர்’, நண்பகலில் நுகர்வோர் குறைகளைப் பேசும் ‘யூ அண்ட் யுவர்ஸ்’, ஒரு மணிக்குச் செய்தி ஆய்வு, 2:15-க்கு 45 நிமிட நாடகம். ஐந்து மணிக்கு ‘பிஎம்’ செய்தி நிகழ்ச்சி, ஆறு மணிக்குப் பிக் பென் மணியோசையுடன் செய்தி, 6:30-க்கு நகைச்சுவை, ஏழு மணிக்கு ‘தி ஆர்ச்சர்ஸ்’ என்னும் கிராமத் தொடர். இரவு 10:45-க்கு ‘புக் அட் பெட்டைம்’ என்னும் நாவல் வாசிப்பு, 11:30-க்கு அன்றைய நாடாளுமன்ற நடவடிக்கைகளின் தொகுப்பு, நள்ளிரவுச் செய்தி, 12:48-க்கு மீண்டும் கடல். அதன்பின் தேசிய கீதம். ஒரு மணிக்குப் பிபிசியின் உலக சேவை அலைவரிசையை ஏற்றுக்கொள்கிறது.

நான் முன்வைக்க விரும்பும் கருத்து இது: அன்று என் மனத்தில் தங்கியவற்றில் பெரும்பாலானவை நான் கேட்க விரும்பிய நிகழ்ச்சிகள் அல்ல, அவற்றுக்கு இடையே, எழுந்து சென்று அணைக்க இயலாத காரணத்தால் மட்டும் கேட்டவை. எனவே, இந்த வரிசையையே ஒரு படைப்பு என்று கருதலாமா? அல்லது பழக்கத்தின் பலத்தில் நிற்கும் வெறும் கால அட்டவணைக்கு நான் தேவைக்கு மேல் மதிப்பளிக்கிறேனா?

யாழினி எழுதியது:

நெட்டலை ஐயா, தங்கள் கணுக்கால் விரைவில் குணமாகட்டும். ஆனால் தங்கள் கருத்துடன் நான் உடன்படவில்லை. நாள் வரிசை என்பது அலைவரிசைப் பற்றாக்குறையின் விளைவு. கலை நோக்கில் எவரும் அதைத் தொடங்கவில்லை. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஒலிபரப்ப முடியும் என்பதால் யாரோ ஒருவர் எது முன், எது பின் என்று முடிவு செய்யவேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் நீங்கிய பிறகு, கட்டாயத்தின் வடிவத்தைப் போற்றுவது எனக்குச் சற்று வியப்பாக இருக்கிறது.

மேலும், ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் ‘இப்போது வீட்டில் யார் இருப்பார்’ என்ற ஓர் ஊகம் இருக்கிறது. அந்த ஊகம் பல வேளைகளில் சங்கடமானது. 1946 அக்டோபரில் ‘உமன்ஸ் அவர்’ தொடங்கியபோது அது பிற்பகல் இரண்டு மணிக்கு ஒலிபரப்பானது. மதிய உணவுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் பெண்கள் சற்று உட்காரும் வேளை அது என்பதே கணக்கு. அதன் முதல் தொகுப்பாளர் ஆலன் ஐவிமி என்னும் ஆண் என்பதையும் நினைவுகூர்க. 1991-இல் அதைக் காலைக்கு மாற்றியபோது எழுந்த எதிர்ப்பு பெரிது. ஆனால் இன்று அது காலைக்கே உரியது என்பதுபோல் எல்லோரும் பேசுகிறோம்.

நான் அதே நிகழ்ச்சிகளைத்தான் கேட்கிறேன். எனக்கு உகந்த நேரத்தில், எனக்கு வேண்டிய வரிசையில் கேட்கிறேன். இதில் எனக்கு என்ன இழப்பு என்று எவரேனும் விளக்கினால் மகிழ்வேன்.

மாலுமி எழுதியது:

வணிகக் கப்பல்களில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கடல் வானிலை அறிக்கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைக் கேட்டு உறங்குவோர் ஏராளம் என்று அறிவேன். ஆனால் அது தாலாட்டாக எழுதப்பட்டதன்று. அதில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு.

பிரிட்டனைச் சுற்றியுள்ள கடல் 31 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வைக்கிங்கில் தொடங்கி, ஃபோர்ட்டீஸ், டாகர், ஜெர்மன் பைட் என்று கடிகாரம் சுற்றும் திசையில் பெயர்கள் வரும். முதலில் புயற்காற்று எச்சரிக்கை, அடுத்துப் பொதுநிலை, பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் காற்று, கடலின் நிலை, வானிலை, பார்வைத் தொலைவு. இந்த ஒழுங்கு மாறாது என்பதால்தான் பெயரும் எண்ணும் மட்டுமே சொன்னால் போதுமாகிறது. ‘காற்று’, ‘பார்வை’ என்ற சொற்களைக்கூட அறிவிப்பாளர் பெரும்பாலும் உச்சரிப்பதில்லை. முழு அறிக்கையும் 350 சொற்களுக்குள் அடங்கவேண்டும். 12:48 அறிக்கையில் மட்டும் டிராஃபல்கர் பகுதி சேர்வதால் 380 சொற்கள் வரை அனுமதி உண்டு.

‘உடனடியாக’ என்றால் ஆறு மணி நேரத்துக்குள். ‘விரைவில்’ என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள். ‘பின்னர்’ என்றால் பன்னிரண்டிலிருந்து இருபத்துநான்கு. பார்வை ‘நன்று’ என்றால் ஐந்து கடல் மைலுக்கு மேல். ‘மோசம்’ என்றால் ஆயிரம் மீட்டரிலிருந்து இரண்டு கடல் மைல் வரை. காற்றின் திசை வலஞ்சுழியாக மாறுவதற்கு ஒரு சொல், இடஞ்சுழியாக மாறுவதற்கு வேறொரு சொல். கரையில் இருப்பவருக்கு இவை இசை. கப்பலின் மேல்தளத்தில் நிற்பவருக்கு, இன்றிரவு துறைமுகத்தில் தங்குவதா, புறப்படுவதா என்ற முடிவு.

நம் மொழியில் காற்றுக்கு வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் இருக்கிறது. பெயரிலேயே குளிரும் வெப்பமும் மழையும் ஏறிவிட்டன. இந்த அறிக்கையிலோ திசையும் விசை எண்ணும் மட்டுமே: தென்மேற்கு ஐந்து, பின்னர் ஏழு என்பதோடு முடிகிறது. முதலில் வறட்சியாகத் தோன்றியது. பின்பு அந்த வறட்சியின் மேல் நம்பிக்கை வந்தது.

2002-இல் ஃபினிஸ்டர் என்ற பகுதியின் பெயரை ஃபிட்ஸ்ராய் என்று மாற்றினார்கள், ஸ்பெயின் அதே பெயரைத் தன் கடலிலுள்ள வேறொரு சிறு பகுதிக்கு வைத்திருந்ததால். ராபர்ட் ஃபிட்ஸ்ராய் டார்வினை ஏற்றிச் சென்ற பீகிள் கப்பலின் தலைவர். 1854-இல் தொடங்கப்பட்ட வானிலைத் துறையின் முதல் தலைவரும் அவரே. 1859-இல் ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் புயலில் மூழ்கியதில் நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகு, அவர் கரையோர எச்சரிக்கை முறையை ஏற்படுத்தினார். ஆகவே அந்தப் பெயர் மாற்றத்துக்கு நான் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை, தெரிவித்தவர்கள் பலர்.

யாழினி, தங்கள் கேள்விக்கு என் பதில்: இந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் ‘உகந்த நேரத்தில்’ கேட்க முடியாது. நேற்றைய காற்று எவருக்கும் பயன்படாது.

கூர்நோக்கு எழுதியது:

பலவகைப்பட்ட ஒலிபரப்பு என்று நெட்டலை அவர்கள் வரைந்த படம் அழகாக இருக்கிறது. ஆனால் அந்தப் பலவகை எவ்வளவு குறுகிய வட்டத்துக்குள் நிகழ்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பொருள்கள் மாறுகின்றன, பேசுவோரின் கல்வியும் வகுப்பும் குரலும் எளிதில் மாறுவதில்லை. ரேடியோ 4-க்கு முன்னோடியாக இருந்த ஹோம் சர்வீஸில், 1941-இல் வில்ஃப்ரட் பிக்கிள்ஸ் என்பவர் யார்க்‌ஷையர் உச்சரிப்பில் செய்தி வாசித்தார். அவருடைய பேச்சு வழக்கில் செய்தி நம்பத்தகுந்ததாக ஒலிக்கவில்லை என்று புகார்கள் வந்தன. 2006-இல் கரீபிய உச்சரிப்புள்ள அறிவிப்பாளர் ஒருவர் சேர்ந்தபோதும் அதே வகைக் கடிதங்கள் வந்தன. இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகளில் நிலையம் மாறியது. கேட்பவர்களில் ஒரு பகுதியினர் மாறவில்லை.

காலை 7:45 உரையையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறித்தவர், யூதர், இஸ்லாமியர், இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோர் அதில் பேசுகிறார்கள். சமய நம்பிக்கை அற்றவர்களுக்கு அங்கே இடமில்லை. அதை எதிர்த்த முறையீட்டை 2009-இல் பிபிசியின் அறக்கட்டளைக் குழு ஏற்க மறுத்தது. மூன்று நிமிடம்தானே என்று கடந்துவிடலாம். ஆனால் நாட்டின் மிக முக்கியமான செய்தி நிகழ்ச்சியின் நடுவே, எதிர்க்கேள்வி இல்லாமல் பேசக் கிடைக்கும் ஒரே மூன்று நிமிடம் அது.

நெட்டலை எழுதியது:

கூர்நோக்கு அவர்களின் குறைகூறலில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நான் ‘பலவகை’ என்று எழுதியது பேசுபவரின் வகையைக் கருதியன்று, பேச்சின் வகையைக் கருதி. ஒரே நாளில் பேச்சு எத்தனை வேடம் தரிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: குறுக்கு விசாரணை, மறையுரை, உரையாடல், புகார், நாடகம், துணுக்கு, வாசிப்பு, அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் மூச்சின் அளவு வேறு. இசை நிலையத்தில் பாடலுக்கும் பாடலுக்கும் இடையே பேச்சு ஓய்வு தருகிறது. இங்கே ஒரு வகைப் பேச்சுக்கு மற்றொரு வகைப் பேச்சுதான் ஓய்வு தரவேண்டும். ஆகவே எதற்குப் பின் எது என்ற கேள்வி இங்கே இசை நிலையத்தைவிடக் கடுமையானது.

யாழினி, தங்கள் கேள்விக்கும் ஒரு விடை முயல்கிறேன். 1998 ஏப்ரலில் அன்றைய தலைமைப் பொறுப்பாளர் ஜேம்ஸ் பாயில் நாள் வரிசையை வேரோடு மாற்றினார், கேட்பவர்கள் கொதித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், எவரும் விரும்பாத, ‘மரண வேளை’ என்றே அழைக்கப்பட்ட வியாழன் காலை ஒன்பது மணியை ஒலிபரப்பாளர் மெல்வின் பிராக்கிடம் ஒப்படைத்தார்கள். மூன்று அறிஞர்கள், ஒரு பொருள், எளிமைப்படுத்தும் சலுகை இல்லை. ‘இன் அவர் டைம்’ என்ற அந்த நிகழ்ச்சி ஆயிரம் பகுதிகளைக் கடந்தது. பிராக் 2025-இல்தான் விலகினார். பற்களின் பரிணாமம் பற்றி ஒரு வாரம், எதிரொலியால் வழி அறியும் விலங்குகள் பற்றி இன்னொரு வாரம், நடுவே ஒரு தத்துவவாதி. பற்களின் பரிணாமத்தைத் தாங்கள் தேடிச் சென்று கேட்டிருப்பீர்களா? நான் கேட்டிருக்க மாட்டேன். ‘டுடே’ முடிந்தும் வானொலியை அணைக்காததால் கேட்டேன்.

பழைய குரல் எழுதியது:

வேறொரு நாட்டில், வேறொரு மொழியில், நீண்ட காலம் அறிவிப்பாளராக இருந்தேன். எனவே நிகழ்ச்சிகளைவிட அவற்றின் மூட்டுகளையே என் காது கவனிக்கிறது. ரேடியோ 4-இன் மூட்டு வேலை மிக நுட்பமானது. கேட்பவருக்கு அது தெரிவதில்லை என்பதே அதன் வெற்றி.

மணிக்குத் தரப்படும் ஆறு பிப் ஒலிகளை எடுத்துக்கொள்வோம். 1924 பிப்ரவரி 5-இல் அவை தொடங்கின. முதல் ஐந்தும் நொடியில் பத்தில் ஒரு பங்கு. ஆறாவது அரை நொடி நீளம். அந்த நீண்ட ஒலி தொடங்கும் கணமே மணி, முடியும் கணமன்று. பலர் இதைத் தலைகீழாகக் கொள்கிறார்கள். 1990 வரை கிரீன்விச் வானாய்வு நிலையத்திலிருந்து வந்த இந்தக் குறிப்பொலி, அதன்பின் பிபிசியின் சொந்தக் கடிகாரங்களிலிருந்து வருகிறது. இதன் நடைமுறைப் பொருள் என்னவென்றால், பேசிக்கொண்டிருப்பவர் எவராயினும், பிரதமரே ஆயினும், மணிக்கு ஐந்து நொடி முன்பாக வாய் மூடியாகவேண்டும். பிப்பின் மேல் பேசிவிடுவதை அங்குள்ளவர்கள் மோதல் விபத்துக்குரிய சொல்லால் குறிப்பிடுவார்கள். அப்படி மோதியவர் அன்று முழுவதும் சக ஊழியர்களின் கேலியைச் சுமக்கவேண்டும்.

ஆங்கிலச் செய்தி வாசிப்பில் நொடிக்கு மூன்று சொல் என்பது பழங்கணக்கு. அதைவிட மெதுவான கால் மணி நேர நாவல் வாசிப்பில் ஏறத்தாழ இரண்டாயிரம் சொற்களே அடங்கும். ஆகவே ‘புக் அட் பெட்டைம்’ பத்துப் பகுதிகளில் முடிக்கும் ஒரு நாவலில் நாம் கேட்பது சுமார் இருபதாயிரம் சொற்கள். அச்சில் அது ஒரு லட்சமாக இருக்கலாம். அந்த எண்பதாயிரத்தை வெட்டி எடுத்தும், வெட்டிய தடம் தெரியாமல் வைக்கும் சுருக்காசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் நிகழ்ச்சியின் இறுதியில் ஒரே ஒரு முறை சொல்லப்படும். அவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை என்பது என் நீண்ட நாள் குறை.

மற்றொன்று: 2017 ஆகஸ்டில் பிக் பென் மணிக்கூண்டு பழுதுபார்க்கப்பட்டபோது ஆறு மணிச் செய்திக்குப் பதிவு செய்த மணியோசையைப் பயன்படுத்தினார்கள். நேரடி ஓசையில் மழையும் போக்குவரத்தும் மெலிதாகக் கேட்கும். பதிவில் ஒவ்வொரு நாளும் ஒரே மழை. 1923-இன் கடைசி இரவில் தொடங்கிய ஒரு வழக்கம் அது என்பதால் எனக்கு அது உறுத்தியது.

யாழினி எழுதியது:

பழைய குரல் ஐயாவின் பதிவை இருமுறை படித்தேன். ஆயினும் ஒரு நடைமுறை உண்மையைச் சொல்லவேண்டும்: இணையத்தில் கேட்டால் அந்தப் பிப் ஒலி பல நொடிகள் தாமதமாக வருகிறது, எண்ணியல் வானொலியிலும் தாமதம் உண்டு. நொடி பிசகாமல் அனுப்பப்பட்டு, பிசகியே வந்து சேரும் ஒரு குறிப்பொலிக்காக அமைச்சரின் பேச்சை நிறுத்துகிறோம் என்பது வேடிக்கைதான்.

பழைய குரல் எழுதியது:

வேடிக்கைதான், மறுக்கவில்லை. ஆயினும் அது இப்போது கடிகாரத்தைத் திருத்துவதற்காக இல்லை, யாழினி. பேச்சைத் திருத்துவதற்காக இருக்கிறது. முடிவு நேரம் தெரிந்தவர் பேசுவதற்கும் தெரியாதவர் பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த வலையொலியிலும் நீங்களே கேட்கலாம்.

செவ்வந்தி எழுதியது:

‘தி ஆர்ச்சர்ஸ்’ தொடரை எவரும் தொடாமல் போகிறீர்களே என்று இத்தனை பதிவுகளாகக் காத்திருந்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக அதைக் கேட்டு வருகிறேன். முதல் ஆறு மாதம் யார் யாருக்கு உறவு என்பதே விளங்கவில்லை.

அதன் தோற்றமே இந்த விவாதத்துக்குப் பொருந்தும். போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலத்தில், விளைச்சலைப் பெருக்கும் முறைகளை உழவர்களிடம் எப்படிக் கொண்டு சேர்ப்பது என்று 1948-இல் பர்மிங்காமில் ஒரு கூட்டம் நடந்தது. உழவர் ஒருவர் எழுந்து, அந்நாளில் புகழ்பெற்றிருந்த துப்பறியும் தொடர் ஒன்றின் பெயரைச் சொல்லி, உழவுக்கும் அதுபோல் ஒன்று வேண்டும் என்றாராம். பிபிசியின் காட்ஃப்ரி பேஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். 1950-இல் சோதனை ஓட்டம், 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும். ஆம்பிரிட்ஜ் என்ற ஊரும் அது இருக்கும் மாவட்டமும் கற்பனை. 1972 வரை வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனை அதற்கு இருந்தது. பூச்சிமருந்தும் தீவனமும் கதாபாத்திரங்களின் வாய்வழியே வந்தன.

1955 செப்டம்பர் 22 இரவு, போட்டித் தொலைக்காட்சியான ஐடிவி தன் முதல் ஒளிபரப்பைத் தொடங்கிய அதே இரவில், கிரேஸ் ஆர்ச்சர் என்னும் இளம் மனைவி எரியும் தொழுவத்தில் குதிரையைக் காப்பாற்றப் போய் இறந்தாள். மறுநாள் செய்தித்தாள்களில் அவளே தலைப்பு. வணிக நோக்கத்தில் நிகழ்த்திய கொலை என்று இன்றும் சொல்வார்கள். பெக்கியாக நடித்த ஜூன் ஸ்பென்சர், இடையில் சில ஆண்டுகள் தவிர, 1950-இன் சோதனை ஓட்டத்திலிருந்து 2022 வரை நடித்தார். ஓய்வு பெற்றபோது வயது 103. ஒரே குரல் மருமகளாக வந்து கொள்ளுப்பாட்டியாக முதிர்வதை நாட்டின் மூன்று தலைமுறை கேட்டது.

2016-இல் ஹெலன், ராப் என்னும் தம்பதியின் கதை உச்சத்தை எட்டியது. கணவன் அடித்துத் துன்புறுத்தும் கதையாக அது தொடங்கவில்லை. என்ன உடுப்பது, யாருடன் பேசுவது, எவ்வளவு செலவழிப்பது என்று சிறிது சிறிதாக அவளை இறுக்கினான். பதின்மூன்று நிமிடம் வீதம், ஆண்டுக்கணக்கில். திரைப்படத்தில் இரண்டு மணி நேரத்தில் இதைக் காட்டினால், அவள் ஏன் வெளியேறவில்லை என்று பார்ப்பவர் கேட்பார். நாள்தோறும் ஏழு மணிக்குக் கேட்டவர்கள் அப்படிக் கேட்கவில்லை. அவர்களும் அவளுடனேயே அந்த வீட்டுக்குள் இருந்தார்கள். கட்டுப்படுத்தி ஒடுக்குவதைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 இறுதியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. கேட்பவர்கள் தாமே நிதி திரட்டி, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் ‘ரெஃப்யூஜ்’ அமைப்புக்கு அளித்தார்கள்.

யாழினி, இதையும் தொகுப்பாக ஒரே மூச்சில் கேட்க முடியும். ஞாயிறு காலையில் வாரத் தொகுப்பு வருகிறது. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு நாள் இடைவெளி தேவைப்பட்டது. கேட்பவர் இரவு முழுவதும் அவளைப் பற்றிக் கவலைப்படவேண்டும்.

சிறு பின்குறிப்பு: பண்ணை வாயிற்கதவு திறக்கும் ஓசைக்கு அவர்கள் பயன்படுத்துவது பழைய இஸ்திரி மேசை. இதை அறிந்த பிறகு எனக்கு ஆம்பிரிட்ஜில் ஒவ்வொரு கதவும் துணி தேய்க்கிறது.

கூர்நோக்கு எழுதியது:

செவ்வந்தி அவர்களே, அரசாங்கப் பிரசாரமாகத் தொடங்கிய ஒன்று இவ்வளவு நேர்மையான கதையாக முதிர்ந்தது என்பதை என் குறைகூறலுக்கு எதிரான சான்றாகவே ஏற்கிறேன். ஆனால் இஸ்திரி மேசைத் தகவலை மன்னிக்க இயலாது; இனி எனக்கும் அப்படியே கேட்கும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். இந்த நிலையத்தில் விளம்பரம் இல்லை. தொலைக்காட்சி உரிமக் கட்டணத்திலிருந்தே செலவு நடக்கிறது. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக இருந்தது. வானொலிக்கான தனி உரிமம் 1971-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால், தொலைக்காட்சி இல்லாமல் வானொலி மட்டும் கேட்பவர் ஒரு காசும் தருவதில்லை. அதாவது நாடாளுமன்றத் தொகுப்பையும் 45 நிமிட நாடகத்தையும், அவற்றை ஒருபோதும் கேட்காத தொலைக்காட்சிக் குடும்பங்கள் சுமக்கின்றன. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ‘நான் தேடாததைக் கேட்டேன்’ என்று நெட்டலை அவர்கள் மகிழும்போது, தேடாமலும் கேட்காமலும் பணம் செலுத்துவோரும் இருக்கிறார்கள் என்பது கணக்கில் வரவேண்டும்.

நெட்டலை எழுதியது:

வரவேண்டும். இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

சொல்லாடி எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. 6:30 நகைச்சுவை வேளையில் வரும் ‘ஜஸ்ட் எ மினிட்’ நிகழ்ச்சியைத் தமிழில் ஆட முடியுமா? 1967 டிசம்பரில் தொடங்கிய ஆட்டம் அது. நிக்கலஸ் பார்சன்ஸ் ஏறத்தாழ ஐம்பத்திரண்டு ஆண்டுகள் அதன் நடுவராக இருந்தார். கொடுக்கப்பட்ட தலைப்பில் ஒரு நிமிடம் தயங்காமல், சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், பொருளிலிருந்து விலகாமல் பேசவேண்டும்.

என் ஐயம் ‘திரும்பச் சொல்லாமை’ பற்றியது. ஆங்கிலத்தில் சிறு இடைச்சொற்களைப் பொதுவாக மன்னித்துவிடுகிறார்கள். தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ‘மரம்’, ‘மரத்தை’, ‘மரத்தில்’ மூன்றும் ஒரு சொல்லா, மூன்று சொற்களா? ஒரு சொல் என்று வைத்தால் எவராலும் இருபது நொடியைத் தாண்ட முடியாது. மூன்று என்று வைத்தால் இலக்கணம் தெரிந்தவர் ஆண்டு முழுவதும் பேசுவார். ‘வந்து வந்து’ என்ற அடுக்குத்தொடர் வந்தால் நடுவர் என்ன செய்வார்? இரட்டைக்கிளவியைப் பிரித்தாலோ பொருளே இல்லை.

பழைய குரல் எழுதியது:

சொல்லாடி அவர்களே, எந்நிலையிலும் ‘தயக்கம்’ என்ற விதியே முதலில் ஆளை வீழ்த்தும். ஒலிவாங்கியின் முன் ஒரு நிமிடம் தயங்காமல் பேசியவர் நான் பணியாற்றிய இடத்தில் இருவர்தான். அவர்களில் ஒருவர் எழுதி வைத்துப் படித்தார் என்று பின்னர் தெரிய வந்தது.

மாலுமி எழுதியது:

நெட்டலை என்று ஒருவர் பெயர் வைத்திருந்தும், இங்கே எவரும் நெட்டலை (லாங் வேவ்) ஒலிபரப்பைப் பற்றிப் பேசவில்லை. வூஸ்டர்‌ஷையரிலுள்ள டிராய்ட்விச்சிலிருந்து 198 கிலோஹெர்ட்ஸில் வந்த ஒலிபரப்பு, பண்பலை எட்டாத கடலின் நடுவிலும் எங்களுக்குக் கிடைத்தது. 2024 ஏப்ரலில் நெட்டலைக்கான தனி நிகழ்ச்சிகளை நிறுத்தினார்கள். அதோடு வார நாள்களில் நான்கு முறை வந்த கடல் அறிக்கை மூன்றாகக் குறைந்தது. இன்றைய கப்பல்களில் செயற்கைக்கோள் வழி எல்லாம் திரையில் வந்துவிடும். எனவே பாதிப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் சிறு படகில் தனியாகச் செல்பவர்களுக்கு, கை ஈரமாக இருக்கும்போதும் காதால் பெறக்கூடிய தகவல் அது ஒன்றுதான். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2025-இல் பிபிசியின் ஒலிச் செயலி வெளிநாடுகளில் நிறுத்தப்பட்டுவிட்டாலும், ரேடியோ 4-உம் உலக சேவையும் அந்நிறுவனத்தின் இணையதளத்தில் கேட்கக் கிடைக்கின்றன.

யாழினி எழுதியது:

நேற்றிரவு 10:45-க்கு வைத்து, ஒரு மணி வரை அணைக்காமல் இருந்தேன். நேர்மையாக அறிக்கை தருகிறேன்.

நாவல் வாசிப்பு ஏழாம் பகுதி. முன்கதை தெரியாததால் யார் யாருக்குக் கடிதம் எழுதுகிறார் என்று கடைசி வரை விளங்கவில்லை. இருந்தும், சுருக்காசிரியரின் பெயருக்காகக் காத்திருந்து கேட்டேன். பதினொரு மணி நகைச்சுவைக்கு நான் சிரிக்கவில்லை. நாடாளுமன்றத் தொகுப்பில், வாய்க்கால்களிலுள்ள படகு வீடுகளின் வாடகை பற்றி உறுப்பினர் ஒருவர் நான்கு நிமிடம் பேசினார். படகு வீட்டுக்கு வாடகை உண்டு என்பதே எனக்குப் புதிது. இன்று காலை அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன் என்பதை நெட்டலை ஐயாவின் வெற்றியாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடாது.

12:48-க்கு முன் ரொனால்ட் பின்ஜ் இயற்றிய ‘செய்லிங் பை’ மெல்லிசை வந்தது. அறிக்கை தொடங்கியதும் மாலுமி அண்ணன் எழுதியதை அருகில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஹெப்ரிடீஸ் பகுதியில் காற்று வலஞ்சுழியாகத் திரும்பும், ‘பின்னர்’. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல், இருபத்துநான்குக்குள். அதாவது இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அங்கே காற்று திரும்பிக்கொண்டிருக்கவேண்டும்.

வரிசை ஒரு படைப்பு என்பதை இன்னும் ஏற்கவில்லை. அணைக்காமல் இருப்பதற்குக் கணுக்கால் சுளுக்கு ஒரு நல்ல காரணம் என்பதை மட்டும் ஏற்கிறேன். வரும் வியாழன் காலை ஒன்பது மணிக்கு என்ன பொருள் என்று முன்கூட்டியே பார்க்காமல் கேட்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் செயலியைத் திறந்ததும் முதல் பக்கத்திலேயே அதை எழுதி வைத்துவிடுகிறார்கள்.

செவ்வந்தி எழுதியது:

வானொலிப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள், யாழினி. அதில் முதல் பக்கம் இல்லை.